தபாலில் வரும் பந்தும் ஊர்க்கடைத் துளையும்



விலை கொடுத்து வாங்கிய பின்னரும் முடிவுபெறாத பொருள்கள் சில உண்டு. சட்டைத் துணி அத்தகையது. தையற்காரரின் கத்தரி படும்வரை அது துணியேயன்றிச் சட்டை ஆகாது. மூக்குக்கண்ணாடிக்குரிய வில்லையும் அவ்வாறே, ஒருவருடைய கண்ணுக்கென்று தீட்டப்பட்ட பின்னரே பயன்படும். இந்த வரிசையிலே நம்மவருட் பலர் எண்ணிப் பாராத இன்னொரு பொருளும் இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவிற் பெருந்தொகையானோர் ஆடிவரும் 'போலிங்' என்னும் விளையாட்டுக்குரிய பந்தே அது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது நல்ல பந்தில் விரல் நுழையும் துளை ஒன்றுமே இராது. வழுவழுப்பான ஓர் உருண்டையாகவே அது பெட்டியில் அடைக்கப்படும். வாங்குபவருடைய விரல்களுக்கு ஏற்பத் துளைகள் இடப்பட்ட பின்னரே அது ஆடுதற்குரிய பந்தாகின்றது.

அத்துளைகளை எங்கே இடுவிப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கணினியின் முன் அமர்ந்து, தூரத்திலுள்ள ஒரு பெருங்கடைக்குக் கட்டளை அனுப்பி, அங்கேயே துளையிடுவித்துத் தபாலிற் பெற்றுக்கொள்வதா? அன்றி, தம் ஊரிலுள்ள சிறு கடைக்குச் சென்று, துளையிடுபவர் முன்னே கையை நீட்டுவதா? அமெரிக்க ஆட்டக்காரர் இதனைப் பற்றி ஓயாது வாதிடுகின்றனர். கேட்போருக்கு இது விலைக் கணக்கைப் பற்றிய வாதம் போலத் தோன்றும். எனக்கோ, கையைப் பற்றிய வாதமாகவே தோன்றுகின்றது. எழுத்தில் அடங்கும் அளவு எது, அடங்காத அளவு எது என்ற கேள்வியே இதன் அடியிற் கிடக்கின்றது.

முதலில் ஆட்டத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். 'போலிங்' என்றவுடன் கிரிக்கெற் ஆட்டத்துப் பந்துவீச்சை நினைப்பது நம்மிடையே இயல்பு. இது வேறு. ஏறத்தாழ மூன்றரை அடி அகலமான நீண்ட பலகைப் பாதை ஒன்றின் முனையிலே, 60 அடி தூரத்திற்கு அப்பால், பத்துக் கட்டைகள் முக்கோண வடிவில் நிறுத்தப்பட்டிருக்கும். ஆட்டக்காரர் சில அடிகள் நடந்து சென்று, பந்தை நிலத்தோடு உருட்டி அக்கட்டைகளை வீழ்த்தவேண்டும். பாதையின் முற்பகுதியில் மெல்லிதாக எண்ணெய் பூசப்பட்டிருக்கும். ஆகையாற் பந்து முதலில் வழுக்கிச் சென்று, எண்ணெய் குறைந்த இடத்தை அடைந்ததும் பலகையைப் பற்றிக்கொண்டு வளையும். வளைந்து சென்று தாக்கும் பந்தே கட்டைகளை நன்கு சிதறடிக்கும் என்பது இவ்வாட்டத்தின் பாலபாடம்.

பந்தின் நிறை 16 இறாத்தலுக்கு மேற்படலாகாது. குறுக்களவு எட்டரை அங்குலத்திற்குச் சற்று அதிகம். இத்தகைய விதிகளை வகுப்பதற்கென்று 1895ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே 'அமெரிக்கன் போலிங் கொங்கிரஸ்' என்ற சங்கம் தோன்றியது. 2005ஆம் ஆண்டு அது வேறு சங்கங்களுடன் இணைந்து, 'யுனைற்றெட் ஸ்ரேற்ஸ் போலிங் கொங்கிரஸ்' என்னும் பெயருடன் இயங்கத் தொடங்கியது. ஆதியிற் பந்துகள் லிக்னம் வைற்றே என்னும், நீரில் அமிழ்ந்துவிடுமளவுக்குக் கனமான வைர மரத்தினாற் செய்யப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர்ப் பந்து வந்தது. பின்னர்ப் பொலியெஸ்ரர் வந்தது, 1980களில் யூறிதேன் வந்தது, 1990களின் தொடக்கத்திலே பலகையை இறுகப் பற்றும் ஒருவகைப் பிசின் மேலுறை வந்தது. உள்ளேயும் ஒரு புதுமை உண்டு. இக்காலத்து உயர்ந்த பந்துகளின் நடுவிலே, பம்பரம் போலவும் மின்குமிழ் போலவும் விதவிதமாக வடிக்கப்பட்ட கனமான உட்கரு ஒன்று பதிந்திருக்கும். துளை எந்த இடத்திற் படுகின்றது என்பதற்கும் இந்த உட்கருவுக்கும் தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

இனிக் கைக்கு வருவோம். பெருவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றுமே பந்தினுள் நுழைவன. விரல்களை இரண்டாங் கணுவரை நுழைத்துப் பிடிப்பது பழைய பிடி. ஆட்ட நிலையங்களில் எவரும் எடுத்தாடுமாறு வைத்திருக்கும் பொதுப் பந்துகள் இப்பிடிக்கென்றே துளைக்கப்பட்டவை. முதற் கணுவரை மாத்திரம் நுழைத்து, விரல் நுனியாற் பந்தைச் சுழற்றிவிடும் பிடி ஒன்றும் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் இதனையே கையாள்வர்.

பெருவிரற் துளைக்கும் மற்றைய துளைகளுக்கும் இடையேயுள்ள தூரத்தைச் சாணளவு என்போம். நமது மொழியில் இதனிலும் பொருத்தமான சொல் வேறில்லை. உண்மையிலேயே அது ஒருவருடைய கையின் சாண்தான். நடுவிரலுக்கு ஒரு சாண், மோதிரவிரலுக்கு வேறொரு சாண். இவை இரண்டும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. சாண் நீண்டுவிட்டால் பெருவிரலின் அடியும் மற்றைய விரல்களின் நுனியும் இழுபட்டு நோகும். குறுகிவிட்டாலோ, பந்து கையிலிருந்து நழுவிவிடும் என்ற அச்சத்தினால் ஆட்டக்காரர் பெருவிரலை உள்ளே மடித்து நெருக்கத் தொடங்குவார். அவ்வாறு நெருக்குவதை அவரே அறியமாட்டார். பந்து கையைவிட்டு நேரத்திற்குப் பிரியாது பிந்தும்போது, 'என் ஆட்டம் கெட்டுவிட்டது' என்று தம்மையே நொந்துகொள்வார்.

சாணை அடுத்து வருவது சரிவு. துளை பந்தின் நடுமையத்தை நோக்கி நேரே இறங்கவேண்டும் என்பதில்லை. உள்ளங்கையின் பக்கமாகச் சரிந்தும் இறங்கலாம், அதற்கு எதிர்ப்பக்கமாகவும் இறங்கலாம், இடமோ வலமோ சாய்ந்தும் இறங்கலாம். உள்ளங்கைப் பக்கமாகச் சரிந்த பெருவிரற் துளை பந்தைக் கையிற் தங்கச் செய்யும். எதிர்ப்பக்கம் சரிந்த துளை விரலை விரைவில் விடுவிக்கும். எவருக்கு எது பொருந்தும் என்பது பெருவிரல் எவ்வளவு பின்னோக்கி வளையும் என்பதைப் பொறுத்தது. ஐம்பது வயதுக்காரர் ஒருவருடைய விறைத்த விரலும், பதினாறு வயதுப் பையனுடைய விரலும் ஒரே சாணளவு காட்டலாம். ஆனால் ஒரே சரிவு இருவருக்கும் ஒவ்வாது. இச்சரிவுகள் அங்குலத்தின் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்ற சிற்றளவுகளிற் கணக்கிடப்படுகின்றன. துளையின் அகலமோ அங்குலத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு வரை பார்க்கப்படுகின்றது.

இவற்றிலும் நுட்பமானது பெருவிரற் துளையின் வடிவம். துளைக்கருவி வட்டமாகத் துளைக்கும், மனிதனுடைய பெருவிரல் வட்டமானதன்று. ஒரு பக்கம் தட்டையாயும் ஒரு பக்கம் புடைத்தும் இருக்கும். கணு தடித்து அடி மெலிந்த விரல்களும் உண்டு. ஆகையாற் துளையை நீள்வட்டமாகச் சீவி, உட்புறத்தை உரைகடதாசியாற் தேய்த்து, விளிம்பைச் சிறு கத்தியினாற் சாய்த்து மழுக்கவேண்டும். அன்றியும், விரல் நாள் முழுவதும் ஒரே பருமனில் இருப்பதில்லை. குளிரிற் சுருங்கும், வெப்பத்தில் வீங்கும், சில ஆட்டங்கள் ஆடிய பின் இரத்தம் பாய்ந்து இன்னும் தடிக்கும். காலையில் வீட்டிலிருந்து அளந்த அளவும், இரவில் மூன்றாம் ஆட்டத்தின் நடுவிலே இருக்கும் அளவும் வேறு வேறு.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு ஊர்க்கடைக்குச் செல்வோம். அமெரிக்காவில் இத்தகைய கடையைப் 'புறோ ஷொப்' என்பர். பெரும்பாலும் ஆட்ட நிலையத்தின் ஒரு மூலையிலேயே அது அமைந்திருக்கும். ஒரு துளைப்பொறி, பந்தை அசையாது தாங்கும் ஒரு கிண்ணம், அளவுகோல்கள், சிறிய தராசு ஒன்று, தூசி, பிசின் மணம் ஆகியவையே அக்கடையின் முதல். தகுதியான துளையாளர் அளவெடுப்பதற்கு முன் கேள்வி கேட்பார். எத்தனை ஆண்டுகளாக ஆடுகிறீர்கள்? கிழமைக்கு எத்தனை ஆட்டம்? கையில் முன்பு முறிவு, வாதம், சத்திரசிகிச்சை ஏதேனும் உண்டா? பின்னர் கையைத் திருப்பிப் பார்ப்பார். பெருவிரலின் எந்தப் பக்கத்திற் தோல் காய்த்திருக்கின்றது, எங்கே கொப்புளம் ஆறிய அடையாளம் இருக்கின்றது என்று நோக்குவார். பழைய பந்தின் குறைகள் யாவும் அக்கையிலே தெளிவாகப் பதிந்திருக்கும். அதன் பின்னரே துளையிட்ட மாதிரி உருண்டை ஒன்றில் விரல்களை நுழைக்கச் செய்து சாணும் சரிவும் பார்ப்பார். இயலுமானால் ஆட்டக்காரரைப் பாதைக்கு அழைத்துச் சென்று சில தடவை உருட்டச் செய்வார். துளையிட்ட பின்னரும் வேலை முடிவதில்லை. 'ஆடிப் பாருங்கள், நெருடினாற் கொண்டு வாருங்கள்' என்பார். இரண்டொரு நாளிற் திரும்பிச் சென்றால், துளையின் ஓரத்தில் நாலு முறை தேய்த்துத் தருவார். பெரும்பாலும் அதற்குத் தனிக்கூலி வாங்கமாட்டார். என் கருத்தில், ஊர்க்கடையின் உண்மையான விலைமதிப்பு துளைப்பொறியில் இல்லை, இந்த இரண்டாம் வருகையிலேயே இருக்கின்றது.

தபால்வழிக் கடையைக் குறைவாக மதிப்பதும் நியாயமாகாது. அங்கேயுள்ள பொறிகள் ஊர்க்கடைப் பொறிகளுக்கு இளைத்தவையல்ல. நாள்தோறும் துளையிட்டுப் பழகியவர்களே அங்கும் வேலை செய்கின்றனர். தாளிலே எழுதி அனுப்பிய அளவு எதுவோ, அந்த அளவு பந்திலே பிசகாமல் இறங்கும். தெரிந்தெடுக்கத்தக்க பந்துகளின் வகையும் மிகுதி. விலையும் பல வேளைகளிற் குறைவு. சில சிற்றூர்களில் ஆட்ட நிலையமே மூடப்பட்டிருக்கும், அடுத்த துளையாளரிடம் போய்வர ஒரு நாளாகும். அங்கு வாழ்பவருக்குத் தபால் அன்றி வேறு வழி யாது?

எனவே பிழை துளைப்பதில் அன்று, அளப்பதிற் புகுகின்றது. தபால்வழிக் கடை ஒரு படிவத்தை அனுப்பும். வலக்கையா இடக்கையா, சாண்கள் எவ்வளவு, துளைகளின் அகலம் எவ்வளவு, சரிவுகள் எவை என்று அது வினவும். இவற்றிற்கு விடை தெரிந்தவர் யார்? முன்னரே நல்ல துளையாளர் ஒருவரிடம் கையைக் காட்டி, அளவுத்தாள் ஒன்றைப் பெற்று வைத்திருப்பவரே. அத்தாள் இல்லாதவர், அடிமட்டத்தையும் நூலையும் கொண்டு தம் கையைத் தாமே அளக்க முற்படுவார். ஒரு கையால் மறுகையை அளப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். சாணை ஒருவாறு அளந்துவிடலாம். சரிவை அளப்பது எங்ஙனம்? விரல் எவ்வளவு வளையும் என்பதை எந்த நூலாலும் அளத்தல் அரிது.

'பழைய பந்தின் துளைகளை அளந்து அதன்படியே புதிதிலும் இடுவிக்கலாமே' என்று கேட்கலாம். நல்ல யோசனைதான். பழைய பந்து பத்து ஆட்டம் ஆடியும் கையை நோகச் செய்யாததாயின், இதனிலும் சிறந்த வழி இல்லை. ஆனால் நோகச் செய்ததாயின், அந்த நோவும் சேர்ந்தே படியெடுக்கப்படும். கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. உடல் மெலிந்தாற் விரல் மெலியும், வயது ஏற மூட்டு விறைக்கும். பத்தாண்டுகளுக்கு முன் துளைத்த பந்து அன்றைய கையின் சான்றேயன்றி இன்றைய கையின் சான்றன்று.

துளைகளை உட்கருவுக்கு எந்த நிலையில் அமைப்பது என்னும் விடயத்தை இனித் தொடலாம். பந்தின் மேலே ஒரு சிறு வண்ணப் பொட்டு இருக்கும். உட்கருவின் தலைப்பு எங்கே நிற்கின்றது என்பதை அது காட்டும். ஆட்டக்காரர் உருட்டும்போது பந்து ஓர் அச்சைப் பற்றிச் சுழல்கின்றது. உருண்டு வந்த பந்திலே படிந்திருக்கும் எண்ணெய் வளையத்தைப் பார்த்து, அவ்வளையத்தின் முனைப்புள்ளி எங்கே என்று துளையாளர் கண்டறிவார். அதுவே அவ்வாட்டக்காரருக்குரிய அச்சுப்புள்ளி. பொட்டுக்கும் அச்சுப்புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 3⅜ அங்குலம் இருக்குமாறு துளைத்தால், சுழலும் அச்சு மிகுதியாக இடம்பெயரும். பந்தும் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பைக் காட்டி நன்கு பற்றும். பொட்டு அச்சுப்புள்ளியின் மேலேயே நின்றாலும், அன்றி அதிலிருந்து 6¾ அங்குலம் விலகி நின்றாலும், அந்த இடப்பெயர்ச்சி மிகக் குறையும். 27 அங்குலச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கே 6¾ என்பதை நேயர்கள் கணக்கிட்டுக் காணலாம்.

அச்சுப்புள்ளி இன்னதென்று எழுதாமற் படிவத்தை அனுப்பினால், தபால்வழிக் கடையார் பலருக்கும் பொதுவில் ஒத்துவரக்கூடிய ஓர் அமைப்பையே கையாள்வர். அதனாற் பெரிய நட்டம் விளைவதாக நான் கருதவில்லை. ஆட்டக்காரர் தமக்குள் பேசும்போது இந்தப் பொட்டையும் கோணத்தையும் பற்றியே மணிக்கணக்கிற் பேசுவர். சாணைப் பற்றிப் பேசுவார் குறைவு. கிழமைக்கு ஒருநாள் ஆடும் ஒருவருக்குப் பொட்டு அரை அங்குலம் இங்கே நின்றாலும் அங்கே நின்றாலும் வேறுபாடு தெரியப்போவதில்லை. சாண் கால் அங்குலம் பிசகினாலோ முதல் நாளே தெரியும். எளிய பொலியெஸ்ரர்ப் பந்தில் இத்தகைய உட்கரு நுட்பமும் இல்லை. நேராக உருட்டுவதற்கென்று அத்தகைய பந்தை வாங்குபவர், பொருத்தம் ஒன்றைப் பற்றியே கவலை கொண்டாற் போதும்.

பொருத்தமின்மை வெறும் அசௌகரியம் அன்று என்பதை இங்கே வற்புறுத்தவேண்டும். மருத்துவ நூல்களிலே 'போலர்ஸ் தம்ப்' என்றே பெயர் பெற்ற நோய் ஒன்று உண்டு. பெருவிரலிலே, சுட்டுவிரலை நோக்கிய பக்கமாக ஒரு நரம்பு தோலுக்கு மிக அண்மையில் ஓடுகின்றது. துளையின் விளிம்பு அந்த இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்த, நரம்பைச் சுற்றிய இழையம் தடித்து ஒரு சிறு முடிச்சுப் போலாகும். தொட்டால் மின் பாய்ந்தாற் போன்ற கூச்சமும், நுனியில் மரமரப்பும் உண்டாகும். பதினைந்து இறாத்தல் நிறையை ஒரு மாலைப்பொழுதிற் பல பத்துத் தடவை அவ்விளிம்பின்மேற் தொங்கவிடுகிறோம் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. சிகிச்சை யாது? ஓய்வும், விரலுக்குக் காப்பும், அவற்றோடு துளையைத் திருத்துதலும் ஆகும். துளையை அகலப்படுத்துவதும், சரிவை மாற்றுவதும், விளிம்பை மழுக்குவதும் மருத்துவர் கூறும் சிகிச்சையின் பகுதிகளாகவே இருக்கின்றன. இவற்றாலும் தீராத சிலருக்கே சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். மருந்துச் சீட்டிலே துளைப்பொறிக்கு வேலை எழுதும் நோய் இதைவிட வேறொன்று எனக்குத் தெரியாது. ஆகவே, பெருவிரலில் மரமரப்பு உள்ளவர் தபாற் படிவத்தை எழுதுவதை நிறுத்தி, முதலில் மருத்துவரிடமும் அடுத்துத் துளையாளரிடமும் செல்லக் கடவர்.

பணக் கணக்கையும் பார்ப்போம். தபால்வழிக் கடையிலே பந்தும் துளையும் சேர்த்து ஒரு விலை சொல்லப்படும். பல வேளைகளில் அனுப்புகூலியும் அதில் அடங்கும். ஊர்க்கடையிலே பந்துக்கு ஒரு விலை, துளைக்குக் கூலி, விரல் நுனிக்கு மெதுமையான உட்செருகு இடுவதாயின் அதற்கு வேறு. மொத்தம் கூடுதலாகவே வரும். ஆனால் துளை பிழைத்துவிட்டாற் கணக்குத் தலைகீழாகும். துளைத்த பந்தைத் திரும்ப ஏற்போர் அரிது. பிழைத்த துளையைத் திரவப் பிசின் ஊற்றி அடைத்து, அது இறுகும்வரை காத்திருந்து, மேற்பரப்பைச் சமனாக்கி, மறுபடி துளைக்கவேண்டும். அதனைச் செய்பவர் பெரும்பாலும் அதே ஊர்க்கடைக்காரரே. மீதப்படுத்திய டொலர்கள் அவ்விடத்திலேயே கரைந்துபோம்.

விதிமுறையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. முன்னெல்லாம் விரல் நுழையாத நாலாவது துளை ஒன்றை, நிறையைச் சமன்செய்வதற்கென்று இடும் வழக்கம் இருந்தது. 2020 ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் யுனைற்றெட் ஸ்ரேற்ஸ் போலிங் கொங்கிரசின் போட்டிகளில் அது விலக்கப்பட்டது. பிடிப்பதற்குப் பயன்படாத துளை எதுவும் பந்தில் இருக்கலாகாது, பக்கங்களிடையே நிறை வேறுபாடு மூன்று அவுன்சுக்கு மேற்படலாகாது என்பது விதி. பத்து இறாத்தலுக்கு மேற்பட்ட பந்துகளுக்குரிய அளவு இது. இதன் விளைவொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பெருவிரலை நுழைக்காமல் இரு கைகளாலும் பந்தை ஏந்தி உருட்டும் முறை இக்காலத்திற் பெருகிவருகின்றது. ஆஸ்திரேலியரான ஜேசன் பெல்மொன்டே அம்முறையினாலேயே உலகப் புகழ் பெற்றார். அவ்வாறு ஆடுபவருடைய பந்தில் பெருவிரற் துளை இருந்தால், அது பயன்படாத துளையாகி விதிக்கு மாறாகும். ஆதலால் தபாலிற் பந்து தருவிக்கும் இருகை ஆட்டக்காரர், பெருவிரற் துளை வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும். சுவையான உண்மை ஒன்றும் இதில் உண்டு. அளப்பதற்கு மிகவும் அரிதான பெருவிரலே அவருக்கு இல்லாதபடியால், தபால்வழித் துளை அவருக்கே பெரிதும் பொருந்துவது. இரண்டு விரற் துளைகளின் அகலமும், அவற்றிடையேயுள்ள வரம்பின் அளவும், சரிவும் தெரிந்தாற் போதும்.

இரண்டிற்கும் இடைப்பட்ட வழி ஒன்றும் இருக்கிறது. துளையிடாத பந்தைத் தபாலில் மலிவாகத் தருவித்து, ஊர்க்கடையிற் துளையிடுவித்தல். இதனைச் சில கடைக்காரர் முகஞ் சுளித்தே ஏற்பர். வேறிடத்தில் வாங்கிய பந்துக்குக் கூடுதற் கூலி கேட்போரும் உண்டு. அதிற் குறைகாண இயலாது. பந்தின் இலாபத்தை இழந்தவர் கூலியிலேனும் பிழைக்கவேண்டுமல்லவா? ஒன்றை மாத்திரம் முறையற்றது என்பேன். ஒரு கடையில் அரை மணி நேரம் கையைக் காட்டி அளவுத்தாளைப் பெற்றுக்கொண்டு, நன்றி கூறி வெளியேறி, அவ்வளவைத் தபாலில் அனுப்பி வேறு கடைக்கு வேலை கொடுத்தல். அளவெடுப்பதே அத்தொழிலின் சாரம். அதற்கென்று கூலி கேட்டுக் கொடுத்துவிட்டால், பின்பு எங்கே துளைத்தாலும் எவருக்கும் மனத்தாங்கல் இராது. அளவுக்கு மாத்திரம் கூலி பெறும் கடைகளும் இருக்கின்றன.

அக்கடைகளின் நிலையும் இரங்கத்தக்கதே. ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபேர்ட் பட்னம் 1995இல் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரையொன்றில் ஒரு கணக்கைக் காட்டினார். 1980க்கும் 1993க்கும் இடையில் போலிங் ஆடுவோர் தொகை நூற்றுக்குப் பத்து வீதம் கூடியது. ஆனால் அணியாகச் சேர்ந்து கிழமைதோறும் ஆடுவோர் தொகை நூற்றுக்கு நாற்பது வீதம் குறைந்தது. சமூகத்திற் கூட்டுறவு தளர்வதற்கு அதனை அவர் ஓர் அடையாளமாகக் கொண்டார். துளையாளருக்கோ அது அடையாளம் அன்று, அடுப்பெரிவதைப் பற்றிய செய்தி. எப்போதேனும் ஒருநாள் குடும்பத்தோடு வந்து ஆடுபவர் பொதுப் பந்தையே எடுத்துக்கொள்வார். சொந்தப் பந்து வாங்கித் துளையிடுவிப்பவர் அணி ஆட்டக்காரரே. அவர் குறையக் குறைய மூலைக்கடையும் விளக்கை அணைக்கும். அது மூடியபின், தபாலில் வந்த பந்தின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்கவும் ஆளிராது.

ஆகவே எவருக்கு எதைச் சொல்வது? முதன்முறையாகச் சொந்தப் பந்து வாங்குபவரும், பழைய பிடியிலிருந்து விரல்நுனிப் பிடிக்கு மாறுபவரும், கையில் நோவுள்ளவரும் ஊர்க்கடையை நாடட்டும். விலை எவ்வளவு கூடினும் நாடட்டும் என்பதே என் துணிபு. நோவின்றி ஆடும் பந்து ஒன்றை ஏற்கெனவே உடையவர், அதன் அளவுத்தாளையும் கையில் வைத்திருப்பவர், அதே போன்ற இரண்டாம் பந்தைத் தபாலிற் தயக்கமின்றிப் பெறலாம். அளவுத்தாள் இரண்டாண்டுக்கு மேற்பட்டதாயின் ஒருமுறை சரிபார்ப்பது நன்று.

தபாலிற் பந்து வந்துசேர்ந்ததும் செய்யவேண்டியவை சில. பனிக்காலத்தில் வந்ததாயின், பெட்டியைத் திறந்து வீட்டின் வெப்பநிலைக்கு வரும்வரை ஒரு நாள் வைத்திருத்தல் வேண்டும். திடீர்க் குளிரும் வெப்பமும் மேலுறையை வெடிக்கச் செய்யக்கூடும். பின்னர்ப் படிவத்தின் பிரதியை எடுத்து, சாணையும் துளையகலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். எழுதிய அளவுக்கு மாறாகத் துளைத்திருந்தால், ஆடுவதற்கு முன்னரே கடைக்கு அறிவிக்கவேண்டும். எண்ணெய்ப் பாதையில் உருண்டு வந்த பந்தைப் பற்றி முறையிடுவது வழக்கைப் பலவீனப்படுத்தும். முதல் நாள் ஓர் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்க. பெருவிரல் தளர்வாக இருந்தாற் துளையின் உட்சுவரில் அதற்கென்று விற்கும் ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டலாம். வேண்டுமாயின் இன்னொன்றை அதன்மேல் ஒட்டலாம். விரல் தடிக்கும்போது ஒவ்வொன்றாக உரித்தெடுக்கலாம். இறுக்கமாக இருந்தால் மெல்லிய உரைகடதாசியைக் குச்சியிற் சுற்றிச் சிறிது சிறிதாகத் தேய்க்கவேண்டும், ஒவ்வொரு தேய்ப்புக்கும் விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டே.